நஞ்சுக்கொடியைக் காணோம்!

செல்போன் அலறியது!

செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனை. ஆய்வக டெக்னீஷியன் ஷாரோன், கேன்டீனில் பாதி இட்லியோடு போனை எடுத்தாள்.

"ஷாரோன்... என்னை ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்காங்கடி!"

நர்ஸ் தமிழரசி. அழுதாள்.

மூன்று நாள் முன்பு வேண்டா என்ற பெண்ணுக்குப் பிரசவம். குழந்தை இன்குபேட்டரில். தாய் ரத்தத்தில் கிருமியோடு ஐ.சி.யூ.வில். 'நர்ஸோட அழுக்குக் கைதான் காரணம்' என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார், பிரசவம் பார்த்த டாக்டர் ரோஹித்.

தமிழரசி வேண்டாவைத் தொட்டதே பிரசவத்துக்கு இரண்டு மணி நேரம் முன்புதான்.

கிருமி அதற்கும் முன்பே வந்திருந்தால்?

நஞ்சுக்கொடி சொல்லிவிடும்!

ஷாரோன் ஓடிப்போய் ஆய்வக அலமாரியைத் திறந்தாள். சோதனைக்கு வந்த நஞ்சுக்கொடி இருந்த வாளி... இல்லை!

அலமாரியை மூடினாள். கை கழுவினாள். மீதி இட்லியைச் சாப்பிடப் போனாள்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வரதன் வந்தார். கூடவே டாக்டர் ரோஹித். பின்னால் வேண்டாவின் கணவன் ஹேமந்த்.

"இன்னாம்மா, நீ போன்ல சொன்ன சாட்சி எங்க?"

"காணோம் சார்."

"எழுந்து நடந்து போச்சா?"

"நான்தான் சார் எடுத்துக்கினு போனேன்!" என்றான் ஹேமந்த். "எங்க ஊரு திருவிடந்தைல கொடிய பொதைக்காம வுட்டா புள்ளைக்கு ஆவாதும்பாங்க. டாக்டர் தங்கமான மனுசன் சார். கேக்கறதுக்கு முன்னாடியே சாவி குடுத்தாரு!"

வரதன் டாக்டர் பக்கம் திரும்பினார்.

"அவங்க வழக்கத்த மதிச்சேன்," என்றார் ரோஹித். "தப்பா?"

"எங்களுக்கும் ஒரு வழக்கம் இருக்கு டாக்டர்." ஷாரோன் ஒரு கண்ணாடித் தகட்டை நீட்டினாள். "வந்த அன்னிக்கே துண்டு வெட்டி மெழுகுல பதிச்சு, மெல்லிசா சீவி இதுல ஒட்டிடுவோம். வாளில கிடந்தது மிச்சம். சாவி குடுத்தனுப்பாம நீங்களே வந்திருந்தா பாத்திருப்பீங்க."

"இதுல இன்னா தெரியுது?" என்றார் வரதன்.

"ரத்தக்குழாய் சுவர்ல பசை மாதிரி சில புரோட்டீன் இருக்கு சார். அழற்சி வந்தா அது ஏறும். வெள்ளை அணுங்க அதுல ஒட்டிக்கினு, சுவரத் தாண்டி உள்ள பூரும். இங்க தொப்புள்கொடி வரைக்கும் பூந்து, செத்தும் கிடக்குது. ரெண்டு மணி நேர வேலை இல்ல. நாள் கணக்கு!"

ஹேமந்தின் முகம் மாறியது.

"பிரசவத்துக்கு நாலு நாள் முன்னாடியே ஜுரம்னு இட்டாந்தேனே சார்! 'வெயில் சூடு, மோர் குடி'ன்னு தொரத்திட்டாரு!"

வரதன் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். அந்தத் தேதியில் 'ஜுரம் இல்லை.' கையெழுத்து: ரோஹித்.

வரதன் தலையாட்ட, ஷாரோன் போனை எடுத்தாள். "தமிழு... வூட்டுக்குக் கெளம்புடி."

ரோஹித்துக்குக் குப்பென்று வியர்த்தது.

வரதன் அவர் தோளில் கை போட்டார்.

"ஜீப்ல ஏறுங்க டாக்டர். பயப்படாதீங்க, வெயில் சூடுதான்... வழியில மோர் வாங்கித் தரேன்!"