பதினாறாம் தடம்

லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடி ஏறி ஸ்டூடியோவுக்குள் நான் நுழைந்தபோது காலை மணி பத்து. மேடையில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு டிராக் என்று தனித்தனித் தடங்களாகப் பதிவானதை ஒன்றாகக் கலந்து ஆல்பமாக்குவது என் தொழில். இரண்டு நாள் வேலை என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த எலக்ட்ரானிக் இசைக்குழுவை முப்பத்தோரு வருடம் நடத்தியவர்கள் ஓர் அண்ணனும் தம்பியும். ரசிகர்களுக்கு அவர்கள் பெரியவர், சின்னவர். போன வருடம் இதே ஸ்டூடியோவின் கருவி அறையில் மின்கசிவால் தீப்பிடித்தது. உள்ளே இருந்த சின்னவர் புகையில் மூச்சு முட்டி இறந்துபோனார். ஆறு மாதம் கழித்துப் பெரியவர் தனி ஆளாக மேடையேறினார். அந்தக் கச்சேரிதான் ஆல்பமாக வரப்போகிறது.

ஜன்னல்கள் திறந்துதான் இருந்தன. ஆனாலும் கருகிய ஒயரின் வாடை நடைவழியில் லேசாக அடித்துக்கொண்டிருந்தது. கோடியில் அந்தக் கருவி அறை. அதன் கதவு மட்டும் புதிது.

"அந்தப் பக்கம் போக வேண்டாம்மா. உங்களுக்கு அங்க ஒரு வேலையும் இல்ல," என்றார் பெரியவர்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வேலையில் இறங்கினேன். பதினைந்து தடங்களில் அவர் வாசித்தது இருந்தது. பதினாறாவதில் எந்தக் கருவியையும் இணைக்கவே இல்லை என்று மேடைக் குறிப்பு சொன்னது.

அதிலும் யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

சன்னமான, தயங்கித் தயங்கி வரும் ஒரு சின்தசைசர். முப்பது வருட ரசிகர்கள் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள், அது சின்னவரின் கை. எனக்குப் பெரியவர் மேல்தான் கோபம் வந்தது. தம்பியின் பழைய பதிவை மேடையில் ஓடவிட்டிருக்கிறார். செத்தவனை வைத்து வியாபாரம் என்று நினைத்தேன்.

நாலாவது பாட்டில் அந்த எண்ணம் உடைந்தது. மேடையில் டிரம் மெஷின் திடீரென்று திக்கி நின்றிருக்கிறது. பெரியவர் தடுமாறி, சற்று மெதுவாகத் திரும்ப ஆரம்பிக்கிறார். பதினாறாம் தடமும் நின்றது. காத்திருந்தது. அவர் வேகத்துக்கே இறங்கி வந்து சேர்ந்துகொண்டது.

பழைய பதிவுக்குக் காத்திருக்கத் தெரியாது.

திரும்பினேன். பெரியவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒரு தடத்துல ஏதோ சத்தம் சார்."

"பதினாறத்தானே சொல்றீங்க? அழிச்சிடுங்க."

நான் எந்தத் தடம் என்று சொல்லவே இல்லை.

"முழுசாக் கேட்டுட்டு அழிக்கிறேன் சார்."

"கேக்க வேண்டாம்னு சொல்றேன்ல?"

ஸ்டூடியோ கதவின் சாவி அவர் கையில் இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அந்த மாடியில் எங்கள் இருவரைத் தவிர ஆளில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு பாட்டை முன்னால் ஓட்டினேன். ஐந்தாவது பாட்டு முடிகிறது. கைதட்டல் அடங்குகிறது. அந்த இடைவெளியில், காதோடு காதாக ஒரு குரல்.

"அண்ணா, வெளியில பூட்டாத."

படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. சின்னவரின் மனைவி. அட்டைப்படம் தேர்ந்தெடுக்க வரச் சொல்லியிருந்தார்களாம். அவர் உள்ளே காலை வைத்ததும் எனக்குத் தைரியம் வந்தது. ஹெட்ஃபோன் ஒயரைப் பிடுங்கினேன். சத்தம் ஸ்பீக்கருக்குத் தாவியது.

"அண்ணா, புகையா இருக்குண்ணா. தொற."

அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டார்னு சொன்னீங்க," என்றார் பெரியவரைப் பார்த்து. "போலீஸ்லயும் அதைத்தான் சொன்னீங்க. பூட்டு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

பெரியவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"குழுவை விட்டுப் போறேன்னான். தன்னோட கருவியெல்லாம் எடுத்துட்டுப் போறேன்னு உள்ள போனான். கோவத்துல பூட்டிட்டேன். ஒரு மணி நேரம் கெடந்தா அடங்குவான்னு நெனச்சு வெளியில போயிட்டேன். திரும்பி வந்தா... மேடையில எனக்கும் கேட்டுச்சும்மா. அன்னிலேர்ந்து கேட்டுக்கிட்டேதான் இருக்கு."

அந்த அம்மாள் அழவில்லை. "எழுந்திருங்க," என்று மட்டும் சொன்னார். இருவரும் படியிறங்கிப் போனார்கள். போலீஸ் ஸ்டேஷன் அடுத்த தெருதான்.

பதிவு சாட்சிக்கு வேண்டுமே என்று நகலெடுக்க உட்கார்ந்தேன். ஸ்பீக்கரில் கச்சேரி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பாதி முடிந்திருக்கும்போது போன் அடித்தது.

"அவரும் போயிட்டாரும்மா," என்றார் அந்த அம்மாள். குரலில் ஈரமே இல்லை. "எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெஞ்சுல போய் உட்கார்ந்தார். அப்படியே சாஞ்சிட்டார். இப்பத்தான், அஞ்சு நிமிஷம் ஆகல."

போனை வைத்தேன்.

ஸ்பீக்கரில் கூட்டம் கலையும் இரைச்சல் ஓய்ந்துகொண்டிருந்தது. கச்சேரி முடிந்துவிட்டது. நிறுத்தக் கையை நீட்டினேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

பெரியவரின் குரல்.

டிரம் மெஷின் தொடங்கியது. அதன்மேல் இரண்டு சின்தசைசர்கள், ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு.

அன்றைக்கு மேடையில் வாசித்தது பதினோரு பாட்டு. திரையில் பன்னிரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது.