எண்பத்திரண்டில் நின்ற நாடி

ஐ.சி.யூ. கட்டிலில் செல்லையன் செத்துக் கிடந்தார்.

ஆனால் நர்ஸ் மேசையிலிருந்த திரையில் அவருடைய நாடி எண்பத்திரண்டில் ஜம்மென்று துடித்துக்கொண்டிருந்தது!

இது நேற்றுக் காலை.

இன்று, வெள்ளறடை பக்கத்து அந்தச் சின்ன ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ் ஜீப். நர்ஸ் எப்சியை அள்ளிக்கொண்டு போக!

"மெஷின் எழுதி வச்சதப் பாருங்க சார்!" மேனேஜர் ஜெயன் பல் குத்தியபடி சொன்னான். "அலாரம் பத்தே காலுக்கே அடிச்சாச்சு. இவ ஓடிப் போனது பத்து பதினெட்டுக்கு. இவ போன்ல கொஞ்சிட்டு இருந்திருப்பாளாக்கும்!"

"இல்ல சார்... சத்தியமாட்டு பத்தே காலுக்கு எனக்கு ஒரு சத்தமும் கேக்கல்ல..." எப்சி விம்மினாள்.

ஜெயன் பல்லிடுக்கு இறைச்சித் துணுக்கைச் சுண்டி எறிந்தான். ஐ.சி.யூ. தரையில்!

அனகா லேப்டாப்பை மூடிவிட்டு முன்னால் வந்தாள்.

செங்கல் என்ற ஊர்க்காரி. கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் கிடந்து எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் கெர்னலைப் பிரித்து மேய்வதுதான் பிழைப்பு. பழுது பார்க்க மானிட்டர் கம்பெனி அனுப்பியிருந்தது. காலையிலிருந்து கீழ்த்தளத்தில், செத்த எலி நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நோண்டியதில் விஷயம் சிக்கிவிட்டது.

"சார், அந்த நேரம் பொய்."

"மெஷின் பொய் சொல்லுமா பிள்ளே?" எஸ்.ஐ. ராஜையா புருவம் உயர்த்தினார்.

"பொய்னு அதுக்கே தெரியாது சார். கீழ ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர்தான் உண்டு. அதுக்குள்ள அஞ்சாறு விர்ச்சுவல் மெஷின். ஒவ்வொண்ணும் நான் தனிக்கம்ப்யூட்டராக்கும்னு நினைக்கும். ஐ.சி.யூ. மெஷினுக்கு வேலை செய்ய நாலு கை. மெமரிய ஒரு நேரம் ஒரு கைதான் தொடணும்னு ஒரு பூட்டு உண்டு. அந்தப் பூட்ட ஒரு கை பிடிச்சிருந்த நேரத்துல, கீழ உள்ள பெரியவன் அந்தக் கைய உறங்க வச்சிட்டான்!"

"மத்த மூணு கை உண்டுல்லா?"

"ஒருத்தன் கக்கூஸுக்குள்ள கொண்டியப் போட்டுட்டு உறங்குனா, வெளிய நிக்கவனுக்க கதி என்ன சார்? கதவத் தட்டித் தட்டியே அவனுக்க முறையும் போச்சு. அலாரமும் அந்த வரிசையிலதான் நின்னுது! கடிகாரத்த ஓட்டுறதும் அந்த உறங்குன கைதான். அதனால முழிச்ச பொறவும் பழைய நேரத்தையே எழுதிச்சு."

"எதுக்கு உறங்க வச்சான்?"

"அதே பெட்டிக்குள்ள பக்கத்து மெஷினுக்கு யாரோ முதலிடம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள ஓடுனது..." அனகா வெறுப்போடு திரும்பினாள். "ஜெயன் சாருக்க மோளுக்க கல்யாண வீடியோ!"

ஜெயன் துள்ளினான். "வீடியோக்காரனுக்க வேல! ஐ.சி.யூ. நிக்கும்னு நான் கண்டேனா? எனக்கு இதொண்ணும் அறியாது சார்!"

"நிக்குதான்னு காட்டுறேன்."

நோயாளிகளைக் காலையிலேயே வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தார்கள். காலிப் படுக்கையில் எஸ்.ஐ. உட்கார்ந்தார். விரலில் கிளிப். திரையில் எழுபத்தெட்டு.

அனகா கல்யாண வீடியோவை ஓடவிட்டாள்.

"இப்ப கிளிப்பக் கழத்துங்க சார்."

கழற்றினார்.

எழுபத்தெட்டு!

ஒரு நிமிடம்... எழுபத்தெட்டு. இரண்டு நிமிடம்... எழுபத்தெட்டு!

ராஜையாவுக்கு வியர்த்தது. "எலே... நான் செத்துக் கிடந்தாலும் இது துடிக்குமா? சத்தமே வரல்லியே!"

ஜெயன் குழைந்துகொண்டு ஓடிவந்தான். போலீஸ்காரர் மனம் கோணக்கூடாதே!

"பேடிக்காதீங்க சார்! மூணு நிமிஷத்துல தானா வந்திரும். எப்பவும் அப்படித்தானாக்கும்!"

மூன்றாவது நிமிடம் அலாரம் அலறியது.

யாரும் திரையைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஜெயனைப் பார்த்தார்கள்.

"எப்பவுமா...?" அனகா மெல்லக் கேட்டாள்.

பல்குச்சி கீழே விழுந்தது.

"தெரிஞ்சேதான் ஓட்டியிருக்கீரு!" ராஜையா எழுந்தார். "ஒருத்தன் செத்த பொறவும் வாயத் திறக்காம, இந்தப் பிள்ளைக்க தலையில கட்டப் பாத்தீராக்கும்!"

"த்தூ!" என்றாள் எப்சி. அனகா சொல்ல நினைத்ததும் அதுதான்.

"சார்... மோளுக்க கல்யாணம்... வீடியோ சீக்கிரம் வேணும்னு மருமகன் வீட்டுல..."

ராஜையா அவன் காலரைப் பற்றினார்.

"மோள மாமியார் வீட்டுக்கு அனுப்பியாச்சுல்லா ஓய்? இனி நீரு ஏறும் ஜீப்புல... ஒமக்க மாமியார் வீட்டுக்கு!"