மூடக்கூடாத பக்கம்

திரையில் இருந்த கண்ணாடிக் கூண்டின் நெற்றிக் கண்ணாடியில், உள்பக்கமாக, லேசாக ஆவி படிந்திருந்தது.

மானிட்டரில் ஒட்டிய தூசி என்றுதான் கொம்பையா முதலில் நினைத்தான். சட்டைக் கையை இழுத்துப் பிடித்துத் துடைத்துப் பார்த்தான். போகவில்லை. மவுஸை அழுத்திக் கூண்டைத் திருப்பினான். கறையும் கூடவே திரும்பியது. மழை நாளில் கம்பெனி பஸ்ஸின் ஜன்னலை மூடிவிட்டு அதில் தலை சாய்த்துத் தூங்குகிறவர்களின் மூக்குக்கு நேரே கண்ணாடியில் ஒரு வட்டம் படியுமே, அது மாதிரி. சின்னதாகும். பெரிதாகும். மறுபடி சின்னதாகும்.

வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. பொழுது சாயவில்லை, ஆனாலும் அறைக்குள் இருட்டு. தகரக் கூரையில் மழை விழும் ஓசையும், அடுத்த கட்டடத்தில் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கும் அடுப்பின் இரைச்சலும், ஈரக் கம்பளத்தின் புழுங்கிய நாற்றமும், கதவிடுக்கு வழியாக வரும் உருகிய பிளாஸ்டிக்கின் தித்திப்பான வாடையும் சேர்ந்து அவன் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டன. மத்தியானம் கொண்டுவந்த சாப்பாடு மூடியபடியே இருந்தது. நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஏன் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருக்கத்தான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரகடம் தொழிற்பேட்டையின் பின்வரிசையில் இருந்த சின்ன அச்சுக் கம்பெனி அது. கார்களுக்கான பிளாஸ்டிக் பாகங்களுக்கு அச்சு செய்து கொடுப்பார்கள். இந்த மழைக்காலத்தில் புதிதாக ஓர் ஆர்டர் வந்திருந்தது, கண்ணாடி அலமாரிகளில் அழகுக்கு வைக்கும் மாதிரி விமானம். விமானி உட்காரும் இடத்தின் மேல் கவிழ்க்கும் கண்ணாடி மூடியைக் கேனபி என்பார்கள். இந்த விமானத்தின் கேனபியில் வளைவே கிடையாது. தட்டையான கண்ணாடிகளைக் கோணம் கோணமாகச் சேர்த்த, கூண்டு மாதிரியான பழங்காலத்து அமைப்பு. அதைக் கணினியில் வரைந்து தர வேண்டியது கொம்பையாவின் பொறுப்பு.

பார்வைக்கு எளிதாகத்தான் இருந்தது. வரைய உட்கார்ந்தால் கழுத்தை அறுத்தது. ஒவ்வொரு கண்ணாடியாக வரைந்து ஒட்டிக்கொண்டே வந்தால் கடைசிக் கண்ணாடி சேரவே சேராது. ஏதோ ஒரு மூலையில் மயிரிழை இடைவெளி விழும். அதை இழுத்து மூடினால் எதிர்மூலை பிளக்கும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, சேரப்பணஞ்சேரியில் நாலு பேரோடு ஒரே அறையில் தங்கி, இந்த நாற்காலியைப் பிடிக்க அவன் பட்ட பாடெல்லாம் அந்த மயிரிழையில் தொங்கிக்கொண்டிருந்தது.

வழி சொன்னது ஷாரோன். பக்கத்து நாற்காலியில் இதே விமானத்தின் சக்கரங்களை வரைந்துகொண்டிருந்த வடக்குப்பட்டுப் பெண்.

"அண்ணா, இப்படி ஒண்ணொண்ணா ஒட்டிக்கினே இருந்தா என்னைக்கும் முடியாது. முதல்ல முழுக் கட்டியா ஒண்ணு போட்டுக்குங்க. நொங்கு சீவுறாங்க இல்ல, அந்த மாதிரி பக்கம் பக்கமா சீவுங்க. அப்புறம் பின்பக்கத்தைத் தொறந்து உள்ள குடைஞ்சிடுங்க. மூலையெல்லாம் தானா சேந்துக்கும்."

சொன்னதோடு நிற்கவில்லை. தன் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு அவன் இடத்தில் உட்கார்ந்து அவளே சீவிக் காட்டினாள். கேனபி பளிங்கு மாதிரி வந்து நின்றது.

நேற்று வடிவமைப்புப் பிரிவின் தலைவர் சுப்பிரமணி வந்து பார்த்து அசந்துபோனார். "பிரமாதம்பா. யார் யோசனை இது?"

ஷாரோன் சிரித்த முகத்தோடு கொம்பையாவைப் பார்த்தாள். அவன் சொல்வான் என்று.

"நான்தான் சார்."

அந்த வார்த்தை எப்படி வாயிலிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. சுப்பிரமணி அவள் பக்கம் திரும்பினார். "பாத்தியாம்மா? நீ ஒரு சக்கரத்தைக்கூட முடிக்கல. கொஞ்ச நாள் அடுப்புப் பக்கம் வேலை பாரு. அப்பத்தான் இந்த நாற்காலியோட அருமை தெரியும்." அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். காது மடல் இரண்டும் பற்றி எரிய, கொம்பையா விசைப்பலகையில் 'எண்டர்' என்ற எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஷாரோன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று ஒரு தடவை திரும்பினாள். அவ்வளவுதான்.

இன்று அவள் வேலைக்கு வரவில்லை.

கொம்பையா கூண்டைப் பாதியாக வெட்டிப் பார்த்தான். வெட்டுத் தோற்றத்தில் பொருள் இருக்கும் இடமெல்லாம் சாய்கோடுகள் விழும், வெற்றிடம் வெறுமையாக இருக்கும். கூண்டின் சுவர் மட்டும் மெல்லிய கோடாக வரவேண்டும். உள்ளேயும் சாய்கோடுகள் இருந்தன. சின்னதாக, வட்டமாக, ஒரு தலை அளவுக்கு. யாரும் வரையாத ஒன்று. அழித்தான். போனது. மறுபடி வெட்டினான். இருந்தது. இம்முறை அதற்குக் கீழே கழுத்து. அதற்குக் கீழே ஒடுக்கிய தோள்கள்.

முழுத் தோற்றத்துக்குத் திரும்பினான். கூண்டு காலியாகத்தான் தெரிந்தது. ஆவி மட்டும் இப்போது பக்கக் கண்ணாடிகளுக்கும் பரவியிருந்தது. ஏ.சி.யின் உறுமலுக்கு அடியில் வேறொரு சத்தமும் கேட்டது. ஈளைக்காரர்களின் மூச்சு மாதிரி. இழுக்கும். நிற்கும். விடும். கணினிப் பெட்டியின் மேல் காதை வைத்தான். அங்கே இல்லை. திரைக்குப் பக்கத்தில் வைத்தான்.

அங்கேதான்.

மின்சாரம் போனது. ஏ.சி. அடங்கியது. விளக்குகள் அணைந்தன. கணினியின் பேட்டரி மட்டும் மேசைக்கு அடியில் விட்டுவிட்டுக் கூவ, திரையின் நீல வெளிச்சத்தில் அறை கிணற்றடி மாதிரி ஆயிற்று. இப்போது மூச்சுச் சத்தத்தை மறைக்க எதுவும் இல்லை.

தொலைபேசி அடித்தது. தூக்கிவாரிப்போட்டது அவனுக்கு.

"கொம்பையாங்களா? நான் ஷாரோன் அம்மா பேசுறேன்பா, லூர்தம்மாள். பக்கத்து வூட்டு போன்லேந்து." அந்தக் குரலுக்குப் பின்னால் பெண்களின் ஜெபம் கேட்டது. ஜெபத்துக்குப் பின்னால் அதே மூச்சு. இழுப்பு. நிறுத்தம். திரையிலும் அதே நொடியில் இழுப்பு. நிறுத்தம்.

"நேத்து வேலைலேந்து வந்ததுலேந்து மூச்சு முட்டுதுன்னுகினே கீறாப்பா. ஏதோ கண்ணாடிக்குள்ள மாட்டிக்கின மாதிரி கீதுன்னு சொல்றா. ஆட்டோ கூட்டியார ஆளு போயிருக்கு. ஏரித் தண்ணி ரோட்டுல ஏறிடுச்சாம், இன்னும் வரல. உன் பேரத்தான் சொல்லிக்கினே கீறா."

"என்ன சொல்லுதா?" அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் புரியலப்பா. 'பின்பக்கத்த மூட வேணாம்னு அண்ணாகிட்ட சொல்லு'ன்றா. இன்னா பின்பக்கம்பா?"

கொம்பையா திரையைப் பார்த்தான். கூண்டின் பின்பக்கம் திறந்திருந்தது. அவள் திறந்து வைத்த பக்கம்.

கதவு திறந்தது. டார்ச் வெளிச்சத்தோடு சுப்பிரமணி உள்ளே வந்தார். கொம்பையா ரிசீவரை வைக்கவில்லை. மேசையில் மல்லாக்கப் போட்டான்.

"என்னப்பா, பின்பக்கம் மூடிட்டியா? பேட்டரி போறதுக்குள்ள முடி. காத்துகூடப் போகாத மாதிரி எல்லாப் பக்கமும் மூடினாத்தான் அச்சு வெட்டுற மெஷின் எடுத்துக்கும். காலையில பார்ட்டி வந்துடுவாங்க."

"சார், அது... மூட வேண்டாம்னு..."

"யார் சொன்னது?"

இப்போது சொல்லலாம். ஷாரோன் சொன்னாள் சார், எல்லாமே அவள் செய்ததுதான் சார். அவ்வளவு போதும். டார்ச் வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தது. கண் கூசியது. மனசு அதைவிடக் கூசியது.

"உன் யோசனைதானே இது? உனக்குத் தெரியாததா?"

"ஆமா சார்."

விரல் தானாகப் போனது. பின்பக்க விளிம்பைத் தொட்டான். நான்கு கோடுகளும் பச்சையாக ஒளிர்ந்தன. மூச்சு வேகமானது. இழுப்பு. இழுப்பு. இழுப்பு.

அழுத்தினான்.

மூடிக்கொண்டது.

மூச்சு நின்றது. பேட்டரியின் கூவல் மட்டும் இருந்தது. மேசையில் கிடந்த ரிசீவரிலிருந்து எறும்பளவுக்கு ஒரு குரல்.

"ஷாரோன்... ஏய்... கண்ணத் தொற... யம்மா, என்னப் பாரு..."

"யாருப்பா லைன்ல?" என்றார் சுப்பிரமணி.

"ராங் நம்பர் சார்."

சொல்லிவிட்டு வைத்துவிட்டான். தன் கைதான் வைத்தது என்பதைப் பார்த்துக்கொண்டே வைத்தான்.

மூடியதைத் திறக்க வேண்டும். ஒரு பொத்தான்தான். கையை நீட்டினான். அதற்குள் சுப்பிரமணி குனிந்து மவுஸைப் பிடித்துக்கொண்டார். "சேவ் பண்ணிடுறேன். மெஷினுக்கும் அனுப்பிட்டேன். அவ்வளவுதான்." அவர் கை கொம்பையாவின் தோளில் விழுந்தது. "நல்லா வந்திருக்குப்பா. சுத்தமா, தெளிவா."

தெளிவாகத்தான் இருந்தது. ஆவி இல்லை. கண்ணாடிகள் எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி.

நெற்றிக் கண்ணாடியில் ஒரு முகம் அழுந்தியிருந்தது. மூக்கு நசுங்கி. உதடு வெளுத்து. இரு பக்கமும் உள்ளங்கைகள்.

சுப்பிரமணி ரசித்துக்கொண்டே கூண்டை மெல்லச் சுழற்றினார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. நெற்றிக் கண்ணாடி நகர்ந்தது. பக்கக் கண்ணாடி வந்தது. அதிலும் முகம். அடுத்தது. அதிலும். கூரை. அதிலும். கூண்டுதான் சுற்றியது. முகம் சுற்றவில்லை. வந்து நின்ற ஒவ்வொரு கண்ணாடியிலும் அது கொம்பையாவை நேருக்கு நேராகப் பார்த்தது.

"பார்ட்டி கேட்டா உன் பேரைத்தான் சொல்லப்போறேன்" என்றார் சுப்பிரமணி.

கண்ணாடிக்குப் பின்னால், மூடாத இமைகளோடு, அது கேட்டுக்கொண்டிருந்தது.