மைனஸ் மூன்று சக ஐந்து

பேத்துப்பாறை போகும் ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. பெருமாள்மலை ஜங்ஷனில் மழை பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தது. ஓடி வந்த சத்தியபிரியா, கையிலிருந்த சார்ட் சுருளை முதலில் சீட்டில் போட்டு இடம் பிடித்தாள். குடையை மடக்கிவிட்டுத் திரும்புவதற்குள்... அந்தச் சுருள் மேலேயே ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"எந்திரிங்க."

"ஏங்க, சீட்டு சும்மாதான கெடந்துச்சு?"

"சீட்டு சும்மாதான் கெடந்துச்சு. நீங்க உக்காந்திருக்கிறது என் எண்கோட்டு மேல."

அவன் பதறி எழுந்தான். ஜீப் கூரையில் தலை இடித்தது. சுருளை எடுத்து விரித்துப் பார்த்தான். மைனஸ் பத்தில் தொடங்கி ப்ளஸ் பத்து வரை, ராவெல்லாம் கண் விழித்து ஸ்கெட்ச் பேனாவால் அவள் போட்ட கோடு. மைனஸ் மூன்றில் மட்டும் ஒரு பெரிய மடிப்பு.

"மைனஸ் மூணுக்குத்தாங்க அடி. மத்தவங்க எல்லாம் நல்லாருக்காங்க."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தது அதற்கு மேல் தப்பாகப் போயிற்று. அவன் இமையில் ஒரு மழைத்துளி விழட்டுமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. சட்டென்று வெளியே பார்த்தாள். வெளியே பார்க்க என்ன இருக்கிறது... மூடுபனிதான்.

பள்ளி வாசலில் இறங்கியபோதுதான் தெரிந்தது, அவனும் அங்கேதான் வந்திருக்கிறான் என்று. பெயர் பிரதீப். பழனிப் பக்கம் வேறொரு கல்லூரியில் அவளைப் போலவே கணக்கில் பி.எட். நாற்பது நாள் கற்பித்தல் பயிற்சி. நடுநிலைப் பள்ளியின் ஏழாம் வகுப்பில் அவளுக்கு முழுக்கள், அவனுக்கு வடிவியல். ஒருவர் பாடம் நடத்தும்போது மற்றவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நிறைகுறை எழுத வேண்டும். எழுதியதில் பாடம் நடத்தியவர் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் உற்றுநோக்கல் பதிவேடு.

முதல் வாரம் நன்றாகத்தான் போயிற்று. ஜீப்பில் அவன் வளவளவென்று பேசுவான், அவள் பாதிக்குப் பதில் சொல்லுவாள். அந்தப் பாதியே அவளுக்கு அதிகம். வீட்டில் பேச ஆள் இல்லை. அம்மா அமிர்தவல்லி வெள்ளனே எஸ்டேட் வேலைக்குப் போனால், பொழுது சாயத் திரும்பி, கஞ்சியைக் குடித்துவிட்டுச் சுருண்டு படுத்துவிடுவாள். அப்பா வீரையா செத்துப்போய்ப் பதினாலு மாதம். அவர் இருந்தவரை ராத்திரிச் சாப்பாடே அவர் கேட்கும் கணக்கோடுதான். இப்போது அவள் தட்டுச் சத்தம் அவளுக்கே கேட்கிறது.

பத்தாம் நாள் வகுப்பில் அது நடந்தது. எண்கோட்டைப் பலகையில் மாட்டி, விரலை வைத்து, பாடத்தின் வேகத்தில் தன்னை மறந்து சொன்னாள்.

"மைனஸ் நாலு சக ஆறு..."

"டீச்சர், சகன்னா என்ன டீச்சர்?" முதல் பெஞ்சு ஆலிமா கேட்டாள். பின்னாலிருந்து ஒரு குபீர் சிரிப்பு. அப்புறம் வகுப்பே சிரித்தது.

அவளுக்கு முகம் சிவந்துபோயிற்று. "கூட்டல்" என்று திருத்திக்கொண்டு ஓட்டினாள். ஆனால் சாயங்காலம் பதிவேடு கைக்கு வந்தது. பிரதீப்பின் அழகான கையெழுத்தில், குறைகள் என்ற தலைப்பின் கீழே: 'சொற்பிழை. கூட்டலைச் "சக" என்கிறார். அப்படி ஒரு சொல் கணிதத்தில் இல்லை. தவிர்க்க வேண்டும்.'

இல்லையாம்... அப்படி ஒரு சொல்லே இல்லையாம்.

கையெழுத்துப் போட்டு நீட்டினாள். "போட்டாச்சு. வேற சோலி இருக்குங்களா?"

"கோவமாங்க? கடைசி நாளு பரிச்சைக்கு வெளியில இருந்து ஆள் வருவாங்க. அன்னைக்கு மார்க்கு போயிறக் கூடாதுன்னுதான்..."

அவள் நிற்கவில்லை. மறுநாள் முதல் ஜீப்பில் முன் சீட்டில், டிரைவர் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டாள். பின்னால் அவனும் பேச்சை நிறுத்திவிட்டான். ஒரே ஜீப், ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. ஆனால் என்ன பிரயோசனம்? பழைய தனிமை பரவாயில்லை, அது பழகிய தனிமை. இது புதுசாக வலித்தது. ச்சே, யாரோ ஒருத்தன் பேசாததற்கு நான் ஏன் இப்படிச் சாகிறேன் என்று அவள் மீதே அவளுக்கு எரிச்சல் வந்தது.

இருபத்தெட்டாம் நாள் ஜீப் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரில் ஒரு தகரக் கொட்டகை. இருவரும் ஆளுக்கொரு மூலை. நடுவில் மழை சாய்வாக வந்து விழுந்துகொண்டிருந்தது.

"அந்தச் சொல்ல எங்கங்க பிடிச்சீங்க?" அவன்தான் ஆரம்பித்தான்.

அவ்வளவுதான். இத்தனை நாள் அடக்கியது உடைந்தது.

"அது எங்கப்பா சொல்லு. சிலோன்ல தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஏழாங் கிளாசு படிச்சாரு. அங்க கூட்டலுக்குச் சகன்னுதான் சொல்லுவாங்க. பதிமூணு வயசுல கப்பல் ஏத்தி இங்க கொண்டாந்து விட்டாங்க. அதோட படிப்பு போச்சு, அந்தச் சொல்லு மட்டும் போகல. எனக்குக் கணக்கு வந்ததே அந்தச் சொல்லுலதான். எங்கம்மா பள்ளிக்கூடம் போனவங்க இல்ல. அப்பா போனப்புறம் இந்த மலையில அத நான் ஒருத்திதான் சொல்லிட்டிருந்தேன். இப்ப நானும் சொல்லல. போதுங்களா?"

அவன் அவள் பக்கம் திரும்பினான். நனைந்த கண்கள்... மழையிலா வேறெதிலா தெரியவில்லை. அன்றைக்கு அவள் பெருமாள்மலை வரை நடந்தே போனாள். அவன் இருபதடி பின்னால் நடந்து வந்தான். திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது, பார்க்கவில்லை.

நாற்பதாம் நாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் திருமலைச்சாமி நாற்காலியில் சாய்ந்து, பேனா மூடியைக் கழற்றினார். இந்த ஒரு வகுப்பில் கோட்டை விட்டால் இன்னொரு வருடம். அம்மாவின் முதுகு இன்னொரு வருடம் தாங்காது. பலகையில் எண்கோடு, மைனஸ் மூன்றின் மேல் இன்னும் அந்த மடிப்பு. சத்தியபிரியா எழுதினாள்: (-3) + 5.

"மைனஸ் மூணு..."

நாக்கு நின்றுவிட்டது. கூட்டல் என்று சொல்ல வேண்டும். ராத்திரி நூறு தடவை சொல்லிப் பழகியதுதான். ஆனால் தொண்டைக்குள் அப்பாவின் சொல் அல்லவா வந்து நிற்கிறது... அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. திருமலைச்சாமி நிமிர்ந்து பார்த்தார்.

"சக அஞ்சு, டீச்சர்" என்றாள் ஆலிமா, மெதுவாக.

"சக அஞ்சு" என்றது வகுப்பு முழுவதும். ஒருவரும் சிரிக்கவில்லை.

"அதென்னம்மா சக?" என்று கேட்டார் திருமலைச்சாமி.

ஆலிமா எழுந்தாள். "கூட்டல்தான் சார். கூடச் சேந்து இருக்கிறதுன்னு அர்த்தம். டீச்சர் லீவு போட்ட அன்னைக்கு பிரதீப் சார் முக்கோணம் நடத்தயில சொன்னாரு. அறுபது சக எழுபது சக அம்பது, நூத்தியெம்பதுன்னு. இது நம்ம டீச்சர் வீட்டுச் சொல்லு, மறந்துறக் கூடாதுன்னாரு."

சத்தியபிரியா கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அவன் குனிந்து எதையோ மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

அப்புறம் பாடம் தானாக ஓடியது. மடிப்பில் விரலை வைத்து வலப்பக்கம் ஐந்து தாவினாள். இரண்டில் போய் நின்றது. "பாடநூல் சொல்லையும் கூடவே சொல்லுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருமலைச்சாமி மார்க்கைப் போட்டுக் கவரில் வைத்து ஒட்டினார். எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்.

சாயங்காலம் அதே தகரக் கொட்டகை. தூறல். நாளைக்கு அவன் பழனிக்குப் போய்விடுவான். பதிவேட்டை அவளிடம் நீட்டினான்.

"இதுல ஒரு கையெழுத்து பாக்கியிருக்குங்க."

பத்தாம் நாள் பக்கம். பழைய வரி அடிக்கப்பட்டு, கீழே எழுதியிருந்தது: 'திருத்தம். சொல்லில் பிழை இல்லை. பார்த்தவனுக்குத்தான் விவரம் பத்தாது.'

அவளுக்கு எழுத்துகள் கலங்கின.

"ஏங்க... கூட்டலுக்குச் சக. கழித்தலுக்கு உங்கப்பா என்ன சொல்லுவாரு?"

"சய."

"நாளைக்கு நான் வண்டி ஏறிட்டா அதானங்க?" குரல் இறங்கிப்போயிருந்தது. "அது எனக்கு வேணாம். உங்களப் பிடிச்சிருக்கு. அந்தச் சார்ட்டு மேல உக்காந்த அன்னைக்கே பிடிச்சிருச்சு. சொல்லத்தான் தெரியல."

அவள் பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் 'சத்தியபிரியா சக' என்று எழுதி, மீதியை வெற்றாக விட்டு, பேனாவை அவன் கையில் கொடுத்தாள்.

"வெரசா எழுதுங்க, ஜீப் வந்துரும். அப்புறம் எங்கம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லணும்."

அவன், அவள் பெயருக்குப் பக்கத்தில், தன் பெயரை எழுதினான்.