திறக்க ஒன்று, வைக்க ஒன்று

சுண்டுவின் தோளில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பள்ளிச் சட்டைக்குள் அவள் கையை நுழைத்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்றாள். வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் அதைக் காதில் வாங்காமல் பொத்தானைப் போட்டு அனுப்பியிருப்பாள். இவளால் அப்படி விட முடியாது. பன்னிரண்டு வருடமாக ஒரு மருத்துவமனையின் தரைத்தளத்தில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறாள். ஊரார் மூட்டுகளை மடக்கி நீட்டுவதுதான் பிழைப்பு. காற்றுக்குமிழ் உடைகிற சத்தம், தசைநார் எலும்பின் மேல் வழுக்குகிற சத்தம், தேய்ந்த முழங்கால் மணல் அரைப்பதுபோலப் போடுகிற சத்தம் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இது எதிலும் சேரவில்லை. மகளின் கையை இன்னும் கொஞ்சம் தூக்கினாள். டக். இன்னும் கொஞ்சம். டக். ஒரே அளவு இடைவெளி, ஒரே அளவு சத்தம்.

வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றாள் சுண்டு. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டதற்கு அவள் அம்மாவை வேடிக்கையாகப் பார்த்தாள்.

"எப்பவுமே இப்படித்தானம்மா."

பள்ளி வேன் வந்துவிட்டது. வேன் தெருமுனை திரும்பும்வரை அம்மா வாசலிலேயே நின்றாள். அந்தச் சத்தத்தை எங்கே கேட்டோம் என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் பொழுது விடிந்தால் அடைந்தால் அதே சத்தம்தான்.

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளோடு பகலெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தும் அதே வேலைதான். பெட்டிக்குள் நூறு துண்டாக வரும் பொம்மைகள். கை, கால், கவசம், வாள் என்று ஒவ்வொன்றாக, ஒன்றின் குண்டு இன்னொன்றின் குழிக்குள் டக்கென்று விழும்படி பொருத்தினால் முழ உயரத்துக்கு ஒரு வீரன் எழுந்து நிற்பான். எல்லாம் மகளுக்காக என்றுதான் வாங்குவார். பெட்டி வந்ததும் முதலில் பரபரப்பது யார் கை என்று கேட்டால் மட்டும் வேறு பக்கம் பார்ப்பார். அதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குவார். திறக்க ஒன்று, வைக்க ஒன்று. திறந்தது மகளுக்கு: அது உடையலாம், வெளுக்கலாம், நாய் கடிக்கலாம். வைக்கிறது சீல் பிரிக்காமல் கடைசி அறைக்குள் போய்விடும். அந்த அறையின் ஜன்னலில் கறுப்புக் காகிதம், ராப்பகலாய் ஏசி, கதவில் பூட்டு. வெயில் பட்டால் வெள்ளை பிளாஸ்டிக் பழுத்துப்போகும் என்பார். பைத்தியங்களில் இது சாதுவான பைத்தியம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

போன வருடம் சுண்டு சைக்கிளிலிருந்து விழுந்து தாடை கிழிந்தது. நாலு தையல். குழந்தை அரை மணியில் சிரித்துவிட்டது; அப்பாதான் தேறவில்லை. ராத்திரியெல்லாம் அவள் கட்டிலருகே நின்று அந்தக் காயத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மாதம் அப்படி. பிறகு ஒரு நாளிலிருந்து நன்றாகத் தூங்க ஆரம்பித்தார். அப்பாடா என்று அவளும் அதைத் துருவிக் கேட்கவில்லை.

இப்போது அதெல்லாம் நினைவுக்கு வந்தது. அன்று மாலை சுண்டுவுக்கு முகம் துடைக்கிற சாக்கில் தாடையைத் தூக்கிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. தழும்பு மங்கியிருக்கலாம், மறைந்திருக்க முடியாது. கணவரிடம் கேட்டபோது, களிம்பு போட்டேன் என்றார். அவள் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

சந்தேகம் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி. நடக்க நடக்கத்தான் குத்தும். உயரத்தைப் பென்சிலால் குறிக்கிற கதவு நிலையில் மகளை நிறுத்தினாள். எட்டு மாதத்துக்கு முன் போட்ட கோட்டுக்கு மேல் ஒரு நூல்கூட ஏறவில்லை. செருப்பு அதே அளவு. ஆடிக்கொண்டிருந்த பல் இன்னும் ஆடிக்கொண்டேதான் இருந்தது. முன்பெல்லாம் சுண்டு ஒரு பொம்மையைக் கட்டினால் இரண்டு இடது கை வைப்பாள், மிச்சத் துண்டுகள் சோபாவுக்கடியில் கிடந்து எல்லோர் காலையும் பதம் பார்க்கும். இப்போது விளக்கத்தாளைப் பார்ப்பதே இல்லை. முதுகு நேராக உட்கார்ந்து, நூறு துண்டையும் வரிசையாகச் சேர்த்து, ஒன்றுகூட மிஞ்சாமல் முடித்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு அடுத்தது வரும்வரை காத்திருக்கிறாள். அடம் இல்லை. அழுகை இல்லை. எத்தனை சமத்து என்று மெச்சிக்கொண்ட அம்மா இப்போது அந்தச் சமத்தைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குளியலறையில் சுண்டுவின் பல்துலக்கி நிற்கும் குவளைக்குப் பின்னால் ஒரு சின்னப் புட்டி கிடைத்தது. பொம்மை மூட்டுகள் இறுகாமல் இருக்க அவர் விடுகிற எண்ணெய். முக்கால்வாசி தீர்ந்திருந்தது.

மருத்துவமனையிலும் வேலை ஓடவில்லை. தோள் இறுகிப்போய் வாராவாரம் வருகிற முன்னாள் பஸ் டிரைவர் ஒருவர், முன்பெல்லாம் மத்தியானம் ஆனால் நீங்கள் விரலை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள், இப்போது களைப்பே தெரிவதில்லை, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கிண்டல் செய்தார். அவள் சிரித்து வைத்தாள். மனம் முழுக்க மகளின் தோளிலேயே இருந்தது. எந்த மூட்டுக்கும் ஒரு முடிவு உண்டு. அதற்கு மேல் தள்ளினால் உடம்பு தடுக்கும். நேற்று சாயங்காலம் விளையாட்டுப்போல மகளின் கையைப் பின்பக்கமாகக் கொண்டுபோனாள். தடுக்கவே இல்லை. முழுச் சுற்றும் சுற்றி முன்னால் வந்து நின்றது. சுண்டு சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அன்று அவரிடம் நேராகவே கேட்டாள். என் பிள்ளைக்கு என்ன செய்தீர்கள் என்றாள். அவர் கோபப்படவில்லை. பொம்மையின் தலையைப் பொருத்திக்கொண்டே பரிவாக அவளைப் பார்த்தார்.

"அவளுக்கு ஒண்ணும் ஆகாது. இனிமே ஒண்ணுமே ஆகாது. நீ நிம்மதியா இரு."

ஞாயிற்றுக்கிழமை பொம்மை சேகரிப்பவர்கள் கூடிப் பண்டமாற்று செய்கிற இடத்துக்கு அவர் கிளம்பிப் போனார். மத்தியானம். வெளியே மழைக்கு மூட்டம் போட்டு வீடு மங்கியிருந்தது. கூடத்தில் சுண்டு தரையில் உட்கார்ந்து பொருத்திக்கொண்டிருந்தாள். டக். டக். பூட்டுச் சாவி அவரோடு போய்விட்டது. ஆனால் எதிலும் இரண்டு வைத்திருக்கிற மனிதர், பூட்டோடு வந்த இரண்டாவது சாவியை மட்டும் தொலைத்திருப்பாரா? அவள் அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்தாள். அடியில், கடைக்காரர் தந்த உறையிலேயே, சீல் பிரிக்காமல் இருந்தது. பல்லால் கிழித்தாள்.

கதவு திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. புது பிளாஸ்டிக் வாசனை, அட்டை வாசனை, அவற்றுக்கு அடியில் வேறு ஏதோ ஒரு வாசனை. காய்ச்சல்காரர் படுத்திருந்த போர்வையில் வருமே, அந்த மாதிரி. விளக்கைப் போட்டாள். தரையிலிருந்து கூரை வரை பெட்டிகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் கண்ணாடித்தாள், அதற்குள் ஒரு வீரன், மணிக்கட்டிலும் கணுக்காலிலும் மெல்லிய கம்பி முறுக்கி அட்டையோடு கட்டப்பட்டு நின்றான். ஒரு துளி தூசி இல்லை. ஏசியின் முனகல் நின்று நின்று வந்தது. அது நின்ற ஒரு நொடியில் இன்னொரு சத்தம் கேட்டது. யாரோ மூச்சு விடுகிற சத்தம்.

அறையின் கோடியில் ஒரு திரை தொங்கியது. விலக்கினாள்.

இரண்டு பெட்டிகள். ஒன்று அவள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. இன்னொன்று அதைவிட உயரம், சுவர்ப் பக்கம் திரும்பி நின்றது. சின்னப் பெட்டியின் கண்ணாடித்தாளில் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. படிந்தது. கலைந்தது. படிந்தது.

அவள் குனிந்தாள்.

கலைந்த முடி. மூடிய கண். தாடையில் தழும்பு. நாலு தையல் தடம்.

கண்ணாடித்தாளைத் தட்டினாள். உள்ளே இருந்த குழந்தை கண்ணைத் திறந்தது.

கூடத்தில் பொருத்துகிற சத்தம் நின்றுவிட்டது. பின்னால், வாசற்படியில், டக் என்றது.

"அம்மா, அதைத் திறக்கக் கூடாது. அது வைக்கறதுக்கு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை ஓடாது. சீலுக்கடியில் நகத்தைக் கொடுத்துக் கிழித்தாள். அட்டையைப் பிய்த்தாள். கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கி அவிழ்த்தாள். மணிக்கட்டில் சிவப்பு வளையம் பதிந்திருந்தது. குழந்தை சரிந்து அவள் மேல் விழுந்தது. சூடு. வியர்வை நாற்றம். விலா எலும்பு படபடத்தது. என் பிள்ளை, என் பிள்ளை என்று இறுக்கிக் கட்டிக்கொண்டாள். எட்டு மாதம் எதைக் குளிப்பாட்டினேன், எதற்குக் கதை சொன்னேன் என்று அழுகை முட்டியது. கண்ணில் மட்டும் நீர் வரவில்லை.

குழந்தை அவளைக் கட்டிக்கொள்ளவில்லை.

மார்பில் கையை ஊன்றித் தள்ளியது. முகத்தைத் தூக்கி அவளைப் பார்த்தது. பார்த்த கண்களில் இருந்தது பயம். அவளைப் பார்த்துத்தான் பயம். நானடா கண்ணு, அம்மா என்றாள். குழந்தை பின்னால் நகர்ந்தது. காலில் பலமில்லை; தவழ்ந்து போனது. வாசலை நோக்கி அல்ல. சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த அந்த உயரமான பெட்டியை நோக்கி.

பெட்டியின் ஓரத்தைப் பிடித்துத் தொங்கியது. இழுத்தது. பெட்டி கிறீச்சென்று கொஞ்சம் திரும்பியது. இன்னும் கொஞ்சம்.

"அம்மா. அம்மா, நான்தான்," என்றது பெட்டிக்குள் பார்த்து.

கண்ணாடித்தாள் வெளிச்சத்துக்கு வந்தது. உள்ளே ஆவி. ஆவிக்குப் பின்னால் ஒரு முகம். தினமும் காலையில் தலை வாரும்போது கண்ணாடியில் அவள் பார்க்கிற முகம்தான். ஆனால் இத்தனை களைத்து, கண்ணுக்கடியில் இத்தனை கறுத்து, இத்தனை உயிரோடு அதை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்த முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அது குழந்தையைப் பார்த்தது. பிறகு குழந்தையின் தலைக்கு மேலாக அவளைப் பார்த்து, கட்டிய கையின் ஒரு விரலை மட்டும் சீல் இருந்த பக்கம் அசைத்தது.

அவள் கையை நீட்டினாள். சீலைக் கிழிக்கவா, குழந்தையைப் பிடித்து இழுக்கவா என்று அவளுக்கே தெரியவில்லை. தோளில் டக்கென்றது. முழங்கையில் டக்கென்றது. பாதியில் கை நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வாசற்படியிலிருந்து சுண்டு வந்து, அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு சமத்தாகப் பக்கத்தில் நின்றாள். இருவரும் நின்றபடி பார்த்துக்கொண்டிருக்க, தழும்புக்காரக் குழந்தை நகத்தால் அந்தச் சீலைச் சுரண்டிக்கொண்டே இருந்தது.