முப்பத்தோரு புதன்கிழமைகள்

மழை பிடித்துக்கொண்டபோது மணி ஐந்தே முக்கால். நூலகத்தின் மாடிக் கூடத்துக்குள் அவள் ஓடி நுழைவதற்குள் விளக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஓர நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தாள். குடையை மடக்கிச் சாய்த்து வைத்தாள்... அது பக்கத்து நாற்காலிக்காரனின் செருப்பில் நிதானமாகச் சொட்டத் தொடங்கியது.

“ஏங்க... என் காலுக்கு மட்டும் தனியா மழை பெய்யுது.”

“ஐயோ, ஸாரிங்க!”

இருட்டிலும் அவன் சிரிப்பது தெரிந்தது. மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள்... திரையின் வெளிச்சம் அவற்றில் வந்து வந்து போனது. கண்களைப் பார்ப்பது அவளுக்குத் தொழில். அப்பாவின் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவள் அவள்தான். நாளுக்கு இருபது ஜோடிக் கண்கள். ஒன்றுகூட இப்படி அவளைத் திருப்பிப் பார்த்ததில்லை.

திரையில் ஓடியது அவர்கள் தெருவைப் பற்றிய ஆவணப்படம். ‘மாறும் நகரத்தில் ஒரு தெரு’ என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஆசை ஆசையாக வந்திருந்தாள். ஆனால் இது என்ன? ஒரு ஷட்டர்... இன்னொரு ஷட்டர்... அதன் கீழே படுத்திருக்கும் நாய். பின்னணியில் ஒரு வயலின் விடாமல் அழுதுகொண்டிருந்தது.

“பிடிக்கலையா?” என்றான் மெதுவாக.

“கொட்டாவி விட்டு விட்டுத் தாடை வலிக்குது. நாய் ஒண்ணுதான் நல்லா நடிச்சிருக்கு.”

அவன் நாற்காலியில் நெளிந்தான்.

அடுத்து வந்தது அப்பா! பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்து ஏதோ சொல்கிறார். அவர் குரல் வரவில்லை. பதிலாக ஒரு கனத்த குரல் சொன்னது: “இனி வராத வாடிக்கையாளருக்காக இவர் காத்திருக்கிறார்.”

அவளுக்குச் சுரீரென்றது.

விளக்கு எரிந்ததும், படத்தை இயக்கியவரை மேடைக்கு அழைத்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரன் எழுந்து, ஈரச் செருப்பு சளக் சளக்கென்று ஒலிக்க, நடந்து போனான்.

அடக் கடவுளே... இவனா! ஆனால் அவள் கை ஏற்கெனவே உயர்ந்துவிட்டிருந்தது.

“எந்தக் கிழமை எடுத்தீங்க?”

“புதன்கிழமைங்க. எட்டு மாசத்துல முப்பத்தோரு புதன். ஃப்ரெண்டோட வீடியோ ஸ்டுடியோவுக்கு அன்னைக்குத்தான் லீவு. கேமரா சும்மா இருக்கும்.”

“எங்க தெருவுக்கும் புதன்தாங்க லீவு! இன்னைக்கும் புதன். அதனாலதான் நாங்க எல்லாரும் இங்க உக்காந்திருக்கோம்!”

கூடம் குலுங்கியது. அவள் விடவில்லை.

“படியில உக்காந்திருந்தது எங்க அப்பா. அவர் என்ன சொன்னார்னு கேட்டீங்களா?”

“மைக் மக்கர் பண்ணிடுச்சு... அதனால வயலின்...”

“‘இன்னைக்கு லீவு தம்பி, நாளைக்கு வாங்க’ன்னு சொல்லியிருக்கார்! உள்ள மறந்து வெச்ச குடையை எடுக்க, நான் சாவி கொண்டு வர்றதுக்காகக் காத்திருந்தார்!”

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அவன் காது மடல் சிவந்தது. “அது... ஒரு பார்வைங்க. தெரு மாறுதுங்கிறது உண்மைதானே?” என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

மறுநாள் வியாழக்கிழமை கடையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அப்பா படியில் உட்கார்ந்திருந்த காட்சியை யாரோ கைபேசியில் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். “கடையை மூடிட்டீங்களாமே, கேட்டதும் மனசே சரியில்ல” என்று மதியத்துக்குள் நான்கு பேர் அழைத்துத் துக்கம் விசாரித்துவிட்டார்கள். முப்பது வருடமாக ஒன்பது மணி தவறாமல் கடை திறப்பவர் அப்பா. லென்ஸ் துடைக்கும் துணியை உதறினார்.

“அந்தப் புதன்கிழமைக்காரன் இந்தப் பக்கம் வரட்டும்... பாத்துக்கறேன்.”

வந்தான்! மூன்று மணிக்கு, அப்பா சாப்பிடப் போயிருந்த நேரத்தில். கையில் காலொடிந்த மூக்குக்கண்ணாடி.

“மேடையிலேருந்து இறங்கி இது மேலயே உக்காந்துட்டேன்.”

“கோவத்துலயா, வெக்கத்துலயா?”

“ரெண்டும்தான்...”

அவள் புதுக் கால் பொருத்தி, திருகாணியை முடுக்கி, தானே அவன் காதில் மாட்டிவிட்டாள். விரல் நுனி அவன் காது மடலில் பட்டது... அவன் சட்டென்று தெருப்பக்கம் திரும்பினான்.

எதிர்க்கடையில் கைபேசியோடு பத்துப் பேர். மாடி ஜிம்மில் எடையைத் தொப்பென்று போட, கீழே தையல்காரர் தலையை வெளியே நீட்டி, “யோவ், என் ஊசி தாவுதுய்யா!” என்று கத்தினார்.

“இதெல்லாம் எங்க இருந்துச்சு?”

“ஷட்டருக்குப் பின்னால.” அவள் சிரித்தாள். “மாறலன்னு நான் சொல்லல. அந்த மொபைல் கடை ஆணிக்கடையா இருந்துச்சு. ஜிம்முக்கு வர்றவங்க கண்ணாடி வழுக்குதுன்னு எங்ககிட்டதான் கயிறு வாங்குறாங்க. மாறுறது வேற, சாகுறது வேற.”

அவன் குரல் தாழ்ந்தது. “சனிக்கிழமை மறுபடி போடறாங்க. பரிசுக்குழு வருது. இது என் முதல் படம்...”

“போட்டா எங்க கடை மூடினதாவே ஆயிடும். அப்பா முகத்தை என்னால பாக்க முடியல. போட்டீங்கன்னா... உங்க முகத்தையும் பாக்க மாட்டேன்.”

“எட்டு மாச உழைப்புங்க! சொல்றது சுலபம்.” எழுந்தவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவன் வரவில்லை. அவள் இரண்டு பேருக்கு இடக் கண்ணையும் வலக் கண்ணையும் மாற்றி எழுதிவிட்டாள். “உனக்கே ஒரு கண்ணாடி வேணும் போலிருக்கே?” என்றார் அப்பா.

சனிக்கிழமை, வரமாட்டேன் என்ற அப்பாவை நூலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் சுவரொட்டி அப்படியே இருந்தது. போடத்தான் போகிறான்...

அவன் மேடையேறினான்.

“இந்தப் படம் இன்னைக்கு ஓடாதுங்க.” பரிசுக்குழுவின் வரிசையில் முணுமுணுப்பு. “முப்பத்தோரு லீவு நாளை எடுத்துட்டு, தெரு செத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன். ஒரு பெரியவர் உண்மையைச் சொன்னார். நான் வயலினை வெச்சு அவர் வாயை அடைச்சுட்டேன். அவர் கடை திறந்துதான் இருக்கு. என் தப்பு. போட்டியிலேருந்து விலகிக்கறேன்.”

அப்பா எழுந்தார். அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“தம்பி, உன்னைத் திட்டத் தொண்டை வரைக்கும் சேத்து வெச்சிருந்தேன். எல்லாம் வீணாப் போச்சு.” கூடம் சிரித்தது. “திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வா. மைக்கை மட்டும் நல்லதா பாத்து எடுத்துக்கிட்டு வா.”

அப்பா முன்னால் இறங்கினார். படிக்கட்டில் அவள் பின்தங்கினாள்... அவனும்தான்.

“பரிசு போச்சா?”

“போச்சு.”

“வருத்தமா?”

“இருக்கு. இல்லேன்னு சொன்னா அது இன்னொரு பொய்.” அவன் நின்றான். “ரெண்டு நாளா தூக்கம் இல்ல. படத்தை நினைச்சுத்தான்னு நினைச்சேன்... இல்லைங்க. நீங்க இனி என் முகத்தைப் பாக்க மாட்டீங்களேன்னுதான். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு.”

அவள் கைப்பிடிச் சுவரையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“நான் அன்னைக்குக் கோவப்பட்டது கடைக்காக மட்டும் இல்ல... நீங்க நல்லவரா இருக்கணுமேங்கிற பதட்டம்.”

“இப்போ?”

“பதட்டம் போயிடுச்சு. மத்தது அப்படியே இருக்கு.”

“மத்ததுன்னா...?”

“உங்களைப் பிடிச்சிருக்கிறது!” என்று சொல்லிவிட்டு, அப்பா திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள்.