முயல்கள் பார்த்த சுவர்

மருந்துக் கம்பெனி டாக்டர் யோகேஸ்வரி காரைவிட்டு இறங்கியபோது உச்சி வெயில். சீனிவாசகம் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் கும்பிட்டார். இன்று அவள் சரி சொன்னால்தான் ஆர்டர் தங்கும். சோதனைக்கு வளர்க்கும் முயல்கள் காரணமில்லாமல் செத்துக்கொண்டிருந்தன.

எம். புதுப்பட்டிக்கு வெளியே, அவருடைய பழைய பட்டாசு ஷெட் அது. விபத்தில் லைசென்ஸ் போனதும் முயல் கூண்டுகளை அடுக்கிவிட்டார். முயலின் முதுகைச் சிரைத்து, சூடு வைத்து, தீப்புண் களிம்பு தடவிப் பார்ப்பார்கள். வெடியில் சம்பாதித்த மனிதருக்குப் புண்ணிலும் சம்பாத்தியம்.

பட்டாசு ஷெட்டுக்கு எதிரெதிரே இரண்டு கதவுகள். வேலை நேரத்தில் எதையும் பூட்டக் கூடாது. ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சரக்கு திருட்டுப் போகிறதென்று தீபாவளி சீசனில் அவர் பின்கதவைப் பூட்டினார். தீப்பிடித்தபோது உள்ளே இருந்த பெண்கள் வெளியே வரவில்லை. பிறகு, முயல்களுக்கு வைத்த ஏசியின் குளிர் வீணாகிறதென்று அந்த வாசலையே செங்கல் வைத்து அடைத்தார்.

“முயலுக அம்புட்டும் அந்தச் செவத்தையே பாக்குதுக மொதலாளி. வாசலைத் தெறந்து விடுங்க,” என்று கிசுகிசுத்தாள் செல்லத்தாய். முயல்களுக்குத் தீனி வைப்பவள். தங்கையை இந்த ஷெட்டில் பறிகொடுத்தவள்.

“முயலுக்கு வாஸ்து பாக்கியாக்கும்? டாக்டரம்மா முன்னால வாயைத் தெறக்காதே.”

அவளை வாசலில் நிறுத்திவிட்டு, டாக்டருடன் உள்ளே போய், ஏசிக்காகக் கதவைச் சாத்தினார். அடைத்த சுவர் வரை நடந்து கூண்டுகளைக் காட்டினார்.

கரண்ட் போனது.

ஜன்னல் இல்லாத அறை. பட்டப்பகல் கருத்துப்போனது. புல் வாடை மெல்லக் கருகி, கந்தக நெடியாக மாறியது.

பிறாண்டும் சத்தம்.

கூண்டில் இல்லை. சுவரில்.

முயல் லேசில் கத்தாது. அப்போது ஒன்று கத்தியது, பெண் குரலில்.

அவர் முதுகில் ஒரு கை பட்டது. இன்னொன்று. பல கைகள் அவரைச் செங்கல்லோடு நெருக்கின. முண்டியடித்து வெளியேறப் பார்க்கிறவர்களின் கைகள்.

“தள்ளாதே செல்லத்தாயி...”

“நான் வாசல்லதான் நிக்கேன் மொதலாளி.”

விளக்கு எரிந்தது. டாக்டர் தூரத்துக் கூண்டருகே, எதுவும் நடக்காதது போல நின்றாள்.

“ஒரு ஜெனரேட்டர் வாங்கிடுங்க. ஆர்டர் உங்களுக்குத்தான். ஆனா முயல் சாகுறதால ஒரே கண்டிஷன், தினமும் நீங்களே உள்ளே வந்து பார்க்கணும்.”

சரியென்று சீனிவாசகத்தின் தலை தன்னால் ஆடியது.

கார் போனதும் செல்லத்தாய் அவர் முதுகைப் பார்த்து வாயைப் பொத்தினாள். “சட்டையைக் கழட்டிப் பாருங்க.”

கழற்றினார். சட்டையின் முதுகு முழுக்கக் கைத்தடங்கள். பட்டாசு மருந்து கலக்கும் பெண்களின் கையில் ஏறிக் கழுவினாலும் போகாத அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காலருக்குக் கீழே இன்னொரு கை பதிந்தது.